கேள்வி நேரம்

ஜூலை 2

இந்த மாதம் தொடங்கி டிசம்பர் வரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கான சொற்பொழிவு நடக்கிறது. தலைப்பு ‘உடல்நலமும் நில வடிவமைப்பும்’. பூங்கா, நடைபாதை, குளம், மருத்துவமனைத் தோட்டம் இவற்றை எப்படி அமைத்தால் மனிதர்களின் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று ஒவ்வொரு மாதமும் ஒருவர் பேசுவார். ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. கடைசிப் பேச்சும் என்னுடையதுதான். நில வடிவமைப்புத் துறையில் இத்தனை வருடம் பாடம் நடத்திவிட்டேன், திருச்சிக்காரர்கள் முன்னால் ஒருநாளும் பேசியதில்லை.

எல்லாம் முடிந்ததும் அறிக்கை தரவேண்டும் என்று டீன் கஜேந்திரன் சொல்லியிருக்கிறார். அதற்காகவே இந்த நாட்குறிப்பு. வீட்டு விஷயம் எதுவும் இதில் வராது.

அழைப்பிதழில் பிலோமினா என்ற என் பெயர் ‘பிலோமினி’ என்று வந்திருக்கிறது. திருத்தச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 5

முதல் பேச்சு. நான் நினைத்ததைவிடக் கூட்டம். சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் மருத்துவமனைகளைப் பற்றிப் பேசினார். ஜன்னல் வழியாக மரம் தெரியும் கட்டிலில் படுத்திருப்பவர்கள் சீக்கிரம் தேறுகிறார்களாம். சிங்கப்பூரில் மொட்டைமாடி எல்லாம் காடாக இருக்கும் ஒரு மருத்துவமனையைப் படம் படமாகக் காட்டினார். சுண்டல் பத்தவில்லை. அடுத்த தடவை கூடுதலாகச் சொல்லவேண்டும்.

என் கணவரையும் அழைத்துப் போயிருந்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் தனியாக இருந்தால் அவருக்குப் பொழுது போவதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தார். கேள்வி நேரம் வந்ததும் முதலில் எழுந்ததும் அவர்தான்.

“என் பேரு அருளப்பன். குடிநீர்த் திட்டத்துல எஞ்சினியரா இருந்தேன். படமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. மே மாசம் இந்த மரத்துக்கெல்லாம் தண்ணி எங்கேர்ந்து வரும்? யாரோட குடத்துலேர்ந்து எடுத்து ஊத்துவீங்க?”

அரங்கம் கைதட்டியது. பேச்சாளர் நல்ல மனிதர். “சார், நான் முதல்ல பேசியிருக்க வேண்டியது அது” என்றார். பிறகு கால்மணி நேரம் தண்ணீரைப் பற்றியே பேச்சு நடந்தது. கஜேந்திரன் என்னிடம் வந்து, “மேடம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சாரைக் கூட்டிட்டு வந்துடுங்க” என்றார்.

காரில் வரும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பணியில் இருந்த நாள்களில் ஒரு ஊருக்குக் குழாய் திறந்துவிட்டு வரும்போது இருக்கும் முகம்.

ஜூலை 20

அவருடைய ஸ்கேன் முடிவு வந்தது. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் டாக்டர் அறைக்குப் போனேன். டாக்டர் ஒரு சொல் சொன்னார். இங்கே எழுத வேண்டியதில்லை. வரும் வழியில் கொத்தவரங்காய் வாங்கினேன். இளசாக இருந்தது.

ஜூலை 21

உடம்பில் வைட்டமின் குறைவு, அதற்குத்தான் இந்த மாத்திரை என்று சொன்னேன். “சரி பிலோ” என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். பூசைக்குப் போய்வந்தோம்.

ஆகஸ்ட் 2

இரண்டாவது பேச்சு. பொதுச் சுகாதார மருத்துவர் ஒருவர். நம் ஊர்களில் நடைபாதை சரியாக இருந்தால் பாதிச் சர்க்கரை நோய் குறையும் என்றார். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி எடுத்த படங்களைக் காட்டினார். கூட்டம் சிரித்துக்கொண்டே பார்த்தது. இரும்புக் கம்பி, பள்ளம், பூக்கடை, பைக், மறுபடி பள்ளம்.

அவர் இன்றும் கேட்டார். நடைபாதை ஓரத்து மரங்களுக்குக் கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும், யாருடைய குடத்திலிருந்து என்று. போன மாதம் கேட்டதுதான். ஆனால் நிலத்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற கேள்வி அது. பொருந்தவும் செய்தது.

ஆகஸ்ட் 10

மாடித் தொட்டி நிரம்பி வழிந்து பின்பக்கமெல்லாம் சேறு. துணி காயப்போடப் போனபோது பார்த்தேன். அவர் மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

பழைய சுவிட்ச். எது ஆன் எது ஆஃப் என்று யாருக்குமே தெரியாது. மாற்றவேண்டும்.

ஆகஸ்ட் 24

பின்கட்டில் செங்கல் பாதை ஒன்று போடுகிறேன். மாணவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி இருந்தால் நல்லது. பின்வாசலில் தொடங்கி, நாரத்தை மரத்தைச் சுற்றி, துவைக்கும் கல்லைத் தாண்டி, மறுபடி பின்வாசலுக்கே வரும். நடப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் வீட்டுக்கே வந்து சேர்வார். முட்டுச்சந்து கூடாது, பிரியும் வழி கூடாது என்று எல்லா நூலிலும் எழுதியிருக்கிறார்கள்.

கொத்தனார் நூல் கட்டியதும் அவர் வந்து பார்த்தார். “வாட்டம் தப்பு. இந்த மூலையில தண்ணி நிக்கும்” என்றார். நிற்காது என்று கொத்தனார் சாதித்தார். இவர் உள்ளே போய் மட்டம் பார்க்கும் பழைய டியூபை எடுத்துவந்து, அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். “அப்படியே பிடி. ஆட்டாத.” மறுமுனையோடு மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டார். இரண்டு விரல் தாழ்வாக இருந்தது. கொத்தனார் நூலை அவிழ்த்தார்.

மதியம் வரை வெயிலில் நின்று ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்த்தார். நான் குடை பிடித்தேன். “நீ போ, உனக்குக் காலேஜ் வேலை இருக்கும்” என்றார். எனக்கு ஒரு வேலையும் இல்லை.

செப்டம்பர் 6

மூன்றாவது பேச்சு. குளங்கள், ஏரிகள், கொசு. புதுச்சேரியிலிருந்து வந்த பேராசிரியை. பேச்சு முழுவதும் தண்ணீர்தான். மழைநீர் எங்கே போகிறது, கோடைக்கு எப்படித் தேக்குவது, மரங்களுக்கு எவ்வளவு போதும் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்.

அவர் எழுந்து கேட்டார். மரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று. பேராசிரியை பொறுமையாக மறுபடி சொன்னார். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அடுத்து ஓர் அம்மா டெங்குவைப் பற்றிக் கேட்டார். அது முடிந்ததும் அவர் மறுபடி எழுந்தார்.

“என் பேரு அருளப்பன். குடிநீர்த் திட்டத்துல எஞ்சினியரா இருந்தேன். ஒண்ணே ஒண்ணு…”

பின்வரிசையில் சிரிப்பு.

மைக் சரியில்லை. பதில் அவருக்குக் கேட்டிருக்காது. அடுத்த மாதம் வேறு மைக் வாடகைக்கு எடுக்கவேண்டும்.

செப்டம்பர் 9

கஜேந்திரன் தன் அறைக்கு வரச்சொன்னார். அரங்க விளக்குகளைப் பற்றிப் பேசினார், சுண்டலைப் பற்றிப் பேசினார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, “மேடம், அடுத்த தடவை சார் வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டுமே” என்றார்.

“நல்லாத்தானே இருக்கார்” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கார். பசங்க சிரிக்கிறாங்க. எனக்குத் தாங்கல. எங்கப்பா மாதிரி.”

வகுப்பு இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். வகுப்பு இல்லை.

செப்டம்பர் 22

ஜெனிட்டா புனேவிலிருந்து பேசினாள். டாக்டரிடம் போன மாதமே அவளாகப் பேசியிருக்கிறாள்.

“அம்மா, அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“எதை?”

“அம்மா.”

“அவருக்கு இப்ப எதுக்கு? நல்லா நடக்கறார், நல்லா சாப்பிடறார். அந்தப் பாதையில தினம் காலையும் சாயங்காலமும் சுத்தறார்.”

“பாதை யாருக்குப் போட்ட? மாணவர்களுக்கா?”

பால் பொங்கிவிட்டது என்று போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். அவர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அது காலையிலிருந்து அதே பக்கம்.

அக்டோபர் 1

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது. குணவதி, உறையூர். முன்பு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். ‘வீட்டு வேலைக்கு உதவி’ என்று அவரிடம் அறிமுகம் செய்தேன்.

அக்டோபர் 4

இதை நேராக எழுதிவிடுகிறேன்.

இன்று நான்காவது பேச்சு. முதியோர் மருத்துவர் தேன்மொழி. மதுரைக்காரர். தலைப்பை ஜூன் மாதமே நான்தான் அவரோடு பேசி முடிவு செய்தேன். அப்போது அது எனக்கு வெறும் தலைப்பு. நினைவு மங்கியவர்களுக்கான தோட்டங்கள்.

அவரை அழைத்துப்போக எண்ணமில்லை. குணவதியிடம் சொல்லி ஏற்பாடெல்லாம் செய்திருந்தேன். மூன்று மணிக்கு அவள் மகனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்து கிளம்பிவிட்டாள். அவரோ சட்டை மாற்றி, ஷூ போட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லை. கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். கேள்வி கேட்க மைக் அங்கே வராது என்பதற்காக.

டாக்டர் தேன்மொழி சுற்றி வளைக்காமல் பேசினார். நோய் எப்படித் தொடங்கும், வீட்டார் முதலில் எதை மறைப்பார்கள் என்று சொன்னார். மைக் சரியில்லை, சுவிட்ச் பழையது, அவருக்கு அசதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள் என்றார். பொதுவாகத்தான் சொன்னார். பிறகு தோட்டங்களுக்கு வந்தார். பிரியாத பாதை, வாசனைச் செடி, உட்கார நிழல்.

கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. மைக் இல்லாமலே நன்றாகக் கேட்டது.

“டாக்டரம்மா, அந்த மாதிரி ஆளுக்கு, தனக்கு இப்படி ஆகுதுன்னு தெரியுமா?”

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆரம்பத்துல நிறையப் பேருக்குத் தெரியும் சார். அப்புறம் தெரியாது. தெரிஞ்ச காலந்தான் கஷ்டம்.”

“அப்ப வீட்ல இருக்கறவங்க அவன்கிட்ட சொல்லணுமா, சொல்லாம இருக்கணுமா?”

“சொன்னா, மிச்சக் காலத்தை எப்படி வச்சிக்கணும்னு அவரே முடிவு பண்ணுவார். சொல்லலைன்னா அதையும் நாம எடுத்துக்கறோம்.”

“நன்றிம்மா” என்று உட்கார்ந்தார். நான் அப்போது மேடை ஓரத்தில் நின்று பூந்தொட்டியை நகர்த்திக்கொண்டிருந்தேன். அதை நகர்த்தவேண்டிய தேவையே இல்லை.

காரில் தலைமைத் தபால் நிலையம் தாண்டியதும் கேட்டார்.

“பிலோ, அந்த மாத்திரை வைட்டமின் இல்லல்ல?”

“இல்லங்க.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ஜூலைலேர்ந்து.”

“எனக்கும் அப்பலேர்ந்துதான்” என்றார். “ஸ்கேன் எடுத்த இடத்துலயே அந்த நர்சுப் பொண்ணுகிட்ட கேட்டுட்டேன்.”

வண்டியை ஓரம் கட்டினேன். ஒரு பேக்கரி வாசல். “அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?”

“வைட்டமின்னு சொல்லும்போது உன் மூஞ்சி நிம்மதியா இருந்துச்சு. அதைக் கெடுப்பானேன்?”

பேக்கரிப் பையன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பினேன். அவர் தொடர்ந்தார்.

“அந்தத் தண்ணிக் கேள்வி இருக்கே. அது ஒண்ணுதான் கையில நிக்குது. வேற எதைக் கேக்க நினைச்சாலும் எந்திரிக்கிறதுக்குள்ள போயிடுது. உன் கூட்டத்துல நான் சும்மா உட்கார்ந்திருந்தா நல்லா இருக்காதுன்னு அதையே கேட்டுட்டேன். ரெண்டு தடவை கேட்டனா?”

“ஆமா.”

“சிரிச்சாங்களா?”

“ஆமா.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு யாரும் சிரிக்கல. இன்னைக்கு மட்டும் எப்படி ஞாபகம் வச்சிருந்தீங்க?”

இடது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தார். வியர்வையில் பாதி அழிந்து நீலமாகக் கலங்கியிருந்தது. ‘தனக்கு’ என்ற சொல் மட்டும் படிக்க முடிந்தது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து தோசை ஊற்றினேன்.

அக்டோபர் 5

டாக்டர் சொன்ன சொல் மறதி நோய். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 19

காலையிலிருந்து நல்ல மழை. இருவரும் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த மூலையிலும் தண்ணீர் நிற்கவில்லை. ஓரத்துக் கால்வாயில் விறுவிறுவென்று ஓடியது. அவருக்கு அது பெரிய சந்தோஷம். “பாத்தியா” என்று நிறையத் தடவை சொன்னார்.

நல்ல தெளிவில் இருந்தார். இப்படி முழு நாளும் இருப்பது இப்போதெல்லாம் அபூர்வம்.

“டிசம்பர்ல நீ பேசற இல்ல. சிங்கப்பூரு, ஜப்பான்னு அடுத்த ஊர்த் தோட்டத்தையெல்லாம் காட்டாத. இந்தப் பாதையைக் காட்டு. என்னையும் சொல்லு.”

“ஊருக்கெல்லாம் எதுக்குங்க?”

“நான்தான் எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுக் கேட்டுட்டேனே. இன்னும் என்ன ஒளிச்சு வைக்கிறது? அருளப்பன் புத்தியோட இருக்கும்போதே சம்மதிச்சுட்டான்னு சேத்துச் சொல்லு. அப்புறம் நான் வேணாம்பேன். அதைக் கேக்காத.”

சரி என்றேன். மழை விட்டபிறகு அவர் பாதையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நானும் கூடப் போனேன். நாரத்தை மரம் எங்கள் தலையில் சொட்டியது.

நவம்பர் 8

தீபாவளிக்காகத் தள்ளிவைத்த ஐந்தாவது பேச்சு. குழந்தைகளுக்கான விளையாட்டு இடங்கள். என்ன பேசினார்கள் என்பதற்குக் குறிப்பு எடுக்கவில்லை. அறிக்கைக்கு இணையதளத்தில் ஏற்றிய காணொளியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று அவரை அழைத்துப் போகவில்லை. இரண்டு நாளாக உள்ளங்கையில் எழுதியும் அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. “நீ போய்ட்டு வா, நான் நடக்கறேன்” என்றார். குணவதி இருந்தாள்.

வீட்டுக்கு ஏழு மணி வாக்கில் வந்தேன். குணவதி கதவைத் திறந்து, “ஐயா இன்னைக்கு ரொம்ப உற்சாகமா நடக்கறாரும்மா” என்றாள். பின்கட்டு விளக்கைப் போட்டேன். அவர் நடந்துகொண்டிருந்தார். நடை தள்ளாடியது. செருப்பு இல்லை. அருகில் போய்ப் பார்த்தபோது செங்கல்லில் ஈரமாக இருந்தது. குதிகால் இரண்டும் கிழிந்து ரத்தம்.

கையைப் பிடித்தேன். உதறிவிட்டு நடந்தார். நானும் கூடவே நடந்து, பின்வாசல் வந்ததும் குறுக்கே நின்றேன். என் மேல் முட்டிக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

“எங்கங்க போறீங்க?”

“பாதை முடிய மாட்டேங்குதே. முடிஞ்சாத்தானே நிக்கலாம்.”

குழந்தை அழுவதுபோல் அழுதார். குணவதி பயந்துபோய் வாசலில் நின்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நடப்பது நல்லது, நடக்க விடு என்று சொல்லிவிட்டுப் போனது நான். எந்த இடத்திலும் வழி தவறாமல், எந்த இடத்திலும் நிற்கச் சொல்லாமல், வட்டமாகப் பாதை வரைந்ததும் நான். பாடம் நடத்துகிறவள்.

வெந்நீரில் கால் கழுவி மருந்து போட்டேன்.

நவம்பர் 9

பழைய மரப்பெஞ்சு ஒன்றை நாரத்தை மரத்தடியில் பாதைக்குக் குறுக்காகப் போட்டேன். தாண்ட முடியாது. இரண்டு பக்கமும் செம்பருத்தித் தொட்டி. இனி இது வட்டம் இல்லை. பின்வாசலில் கிளம்பினால் பெஞ்சு வரைக்கும்தான்.

நவம்பர் 13

கால் ஆறிவருகிறது. இன்று பெஞ்சு வரை போனார். அதைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

நவம்பர் 24

மதியச் சாப்பாட்டில் என்னைப் பார்த்து, “உங்களுக்கு எந்த ஊரு?” என்றார்.

“மணப்பாறைங்க.”

“அப்படியா. எங்க வீட்டம்மாவுக்கும் மணப்பாறைதான். தெரியுமா அவளை?”

“தெரியும்.”

“நல்லவ” என்றார். “கொஞ்சம் கோவம் வரும்.”

ரசம் ஊற்றினேன். சாப்பிட்டார். மாலையில் வழக்கம்போல, “பிலோ, காபி” என்று கூப்பிட்டார். காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்ச் சற்று நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டிசம்பர் 4

ஜெனிட்டா வந்துவிட்டாள். வந்ததும் அப்பா முன்னால் போய் நின்றாள். “வாம்மா” என்றார். பெயர் சொல்லவில்லை. அவள் மாடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

என் பேச்சுக்குத் தயாரித்திருந்த படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டேன். எங்கள் பின்கட்டுப் படங்கள்தான் மிச்சம். உங்களைப் பற்றிச் சொல்லட்டுமா என்று அவரிடம் மறுபடி கேட்டேன். “எதுக்கு? வேணாம்” என்றார். அவர் முன்பு சொன்னதை நினைத்துக்கொண்டேன். எந்த அருளப்பன் சொல்வதை நான் கேட்பது? ஜெனிட்டாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 6

அரங்கம் நிறைந்திருந்தது. ஜெனிட்டா அவரைக் கடைசி வரிசையில் அழைத்துவந்து உட்காரவைத்தாள். வெளுத்த நீலச் சட்டை, நன்றாகச் சீவிய தலை. கஜேந்திரன் அவர் இருந்த இடத்துக்கே போய்க் கையைப் பிடித்துப் பேசிவிட்டு மேடைக்கு வந்தார்.

எழுதிக் கொண்டுபோனதைப் படிக்கவில்லை. என் கணவருக்கு மறதி நோய் என்று தொடங்கினேன். அவருடைய ஒப்புதலோடு பேசுகிறேன், அந்த ஒப்புதல் இப்போது அவருக்கு நினைவில்லை என்றும் சொன்னேன். நூல்களில் படித்தபடி வட்டப்பாதை போட்டதையும், அவர் வாட்டம் பார்த்துக் கொடுத்ததையும், அந்தப் பாதை அவரைத் தொலையவிடாமல் காத்ததையும், நிற்கவிடாமல் அடித்ததையும் சொன்னேன். அந்தக் கால்களின் படம் என்னிடம் இல்லை. எடுக்கவில்லை. பெஞ்சின் படத்தைக் காட்டினேன்.

“தோட்டம் அவரைக் குணப்படுத்தல. குணப்படுத்தும்னு நான் நினைச்சிருந்தேன்னு இப்பதான் எனக்கே தெரியுது. சில நாள் சாயங்காலம் அவர் அழாம இருக்கார். அந்த அளவுக்குத்தான் அது உதவுது. அந்த அளவுக்காவது எல்லாருக்கும் வேணும். வீட்டுக்குப் பின்னாடி இடம் இல்லாதவங்களுக்கு ஊரு அதைச் செஞ்சு தரணும். வரையறவங்க முதல்ல நடக்கறவரோட கூட நடந்து பார்க்கணும். நான் வரைஞ்சு முடிச்ச பிறகுதான் நடந்தேன்.”

கேள்வி நேரம். வெகுநேரம் யாரும் எழவில்லை. ஒவ்வொரு மாதமும் முதலில் எழுந்தவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நடுவரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். கேள்வி எதுவும் தயாராக இல்லை போல. தயங்கித் தயங்கி, “உங்க வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்காருங்க?” என்றார்.

“அதோ, கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கார்” என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. அங்கே யாருமில்லை என்று கண்டு, எங்களைப் பார்த்து, தெரியவில்லையே என்பதுபோல் கையை விரித்தார்.

கூட்டம் முடிந்தும் பலர் போகவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். என் மாமியார், என் அண்ணன், எங்க ஹெட்மாஸ்டர் என்று ஆரம்பித்தார்கள். முன்பொருநாள் பின்வரிசையில் சிரித்த மாணவன் ஒருவன் வந்து மன்னிப்புக் கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பின்சீட்டில் அவர் ஜெனிட்டாவின் தோளில் தூங்கிவிட்டார்.

டிசம்பர் 10

அறிக்கையை அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம். இதில் எழுதியது எதுவும் அதில் இல்லை.

டிசம்பர் 15

ஜெனிட்டா நேற்று ஊருக்குப் போனாள். கிறிஸ்துமசுக்கு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்று ஞாயிறு. குணவதிக்கு விடுப்பு.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். ஏதோ சொல்லத் தயங்குவது தெரிந்தது. பிறகு எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க காலையிலேர்ந்து நிறைய வேலை செஞ்சுட்டீங்க. இருட்டறதுக்குள்ள கிளம்புங்க. என் வீட்டம்மா காலேஜ்லேர்ந்து வர்ற நேரம். வரும்போது வேற யாராவது இருந்தா அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும்.”

நான்தான் அது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், வேறு நாள்களில். சொன்னால் பயந்துபோகிறார். இன்று சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். “பாத்துப் போங்க” என்றார்.

கேட்டைச் சாத்திவிட்டுத் தெருமுனை வரை நடந்தேன். காய்கறி வண்டிக்காரர் வணக்கம் சொன்னார். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் கொஞ்சநேரம் நின்றேன். சேலையைச் சரிசெய்து, காலேஜிலிருந்து வருகிறவள்போல் வேகமாக நடந்து வந்து, மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கண் எதையோ தேடிப்போய்த் திரும்பி வந்தது.

“யாரைப் பாக்கணும்?”

“பிலோமினாவைப் பாக்க வந்தேன்” என்றேன்.

“அவ இன்னும் வரலியே” என்றார். அவர் குரலில் கவலை. “எப்பவும் இந்நேரம் வந்துடுவா. நீங்க உள்ள வந்து உட்காருங்க. வந்துடுவா.”

உள்ளே வந்து உட்கார்ந்தேன். மின்விசிறியைப் போட்டார். பக்கத்து நாற்காலியில் அவரும் உட்கார்ந்தார். கதவைத் திறந்தே வைத்திருந்தோம். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவர் தலை நிமிர்ந்தது. என் தலையும்.